காமிக்ஸ் வரையக் கத்துக்கலாமுங்களா? வாசகர் கேள்வி பதில்

காமிக்ஸ் எப்படி உருவாகுது, தனியா உக்காந்து பண்றதா, நாலு பேரு சேந்து பண்றதா, இதப் பத்தி கேள்வி இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோமுங்க. கடுதாசியும் வாட்ஸ்அப்பும் நெறைய வந்துச்சு, அதுலயும் கோபி, திருப்பூர், காங்கயம், பொள்ளாச்சின்னு நம்ம கொங்குப் பக்கத்துல இருந்து இத்தன பேரு கேட்டது நெஜமாவே சந்தோசமா இருக்குது. பெயர் போட வேண்டாம்னு சிலர் சொன்னதால யார் பேரும் போடல, ஊரு மட்டும் போட்டிருக்கு.

எனக்கு நல்லா வரைய வருமுங்க, ஆளப் பாத்தா அப்படியே வரைஞ்சிருவேன். ஆனா காமிக்ஸ்னு ஆரம்பிச்சா மூணாவது பக்கத்துலயே நின்னு போயிருது. மனசுல இருக்கற கதை பெருசு, 200 பக்கமாவது வரும். எங்க தப்பு பண்றேன்?
கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

அம்மிணி, உங்க கையில ஒரு குறையும் இல்லீங்க. முகம் வரையறப்ப அந்த ஒரு படம் நல்லா வந்தாப் போதும். காமிக்ஸ்ல ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல ஒரு வெள்ளைச் சந்து விடறோமில்ல, அந்தச் சந்துக்குள்ள ஒரு நொடியும் போகலாம் பத்து வருசமும் போகலாம், படிக்கறவங்கதான் அத மனசுல ரொப்பிக்கறாங்க, அதுல எத்தன விடலாம் எத்தன காட்டணும்ங்கறது ஒரு கதைய முழுசா முடிச்சு இன்னொருத்தர் கையில குடுத்துப் படிக்கச் சொல்றப்பதான் பிடிபடும். அதனால அந்த 200 பக்கத்த அட்டாலியில பத்திரமா ஏத்தி வைங்க, இப்ப நாலே நாலு பக்கத்துல முடியற ஒண்ணு எடுங்க.

உதாரணத்துக்கு உங்க ஊருக்குப் பக்கத்துலயே அந்தியூர் இருக்குது, ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழாவுல குதிரைச் சந்தை கூடுமில்ல, அங்க அப்பாரு கையப் பிடிச்சுட்டு வந்த ஒரு பொடியன் கூட்டத்துல காணாமப் போயி திரும்பக் கெடைக்கறான், அவ்வளவுதான் கதை. இதுக்கு நாலு பக்கம் எப்படிப் பிரிக்கலாம்னு பாருங்க. முதல் பக்கத்துல மேல பெரிய கட்டம், சந்தை முழுக்கத் தெரியணும், குதிரைங்க, பந்தல், கயிறு விக்கறவங்க, அதுக்கு நடுவுல சின்னதா அப்பாரும் பையனும். அடுத்த கட்டம் பையன் கண்ணு. அதுக்கடுத்தது அவன் பாக்கற வெள்ளைக் குதிரை. கடைசிக் கட்டத்துல ரெண்டு கை மட்டும், பெரிய கையில இருந்து சின்னக் கை நழுவுது. இங்க பக்கம் திரும்புது. ரெண்டாம் பக்கம் தொறந்த உடனே வெறும் காலுங்க, மனுசக் காலு, குதிரைக் காலு, மாட்டுக் காலு, ஒருத்தர் முகமும் தெரியக்கூடாது, ஏன்னா அந்தப் பொடியன் ஒசரத்துக்கு அவனுக்குத் தெரியறது அதுதான். வசனமே வேண்டாம், பயம் தானா வந்துரும்.

பக்கம் திரும்பற எடத்தப் பத்திச் சொன்னேன் பாருங்க, அத மட்டும் நல்லா மனசுல வாங்கிக்குங்க. புத்தகத்துல 1, 3, 5ன்னு ஒத்தப்படைப் பக்கமெல்லாம் வலது பக்கம் வரும், 2ம் 3ம் எதிரெதிரா ஒரே பார்வையில தெரியும். அப்ப திடுக்குன்னு ஒண்ணக் காட்டணும்னா இரட்டைப்படைப் பக்கத்தோட முதல் கட்டத்துல வைக்கணும், 3ம் பக்கத்துல வச்சீங்கன்னா 2ம் பக்கம் படிக்கறப்பவே கண்ணு அங்க ஓடிரும். போன்லயே படிக்கறதுக்குப் பண்றீங்கன்னா விரல்ல தள்ளற ஒவ்வொரு தள்ளும் ஒரு பக்கம் மாதிரிதான், கணக்கு கொஞ்சம் மாறும்.

மூணாவது பக்கத்துல நிக்கறதுக்கு நான் நெனைக்கற காரணம், நீங்க நேரா நல்ல பேப்பர்ல முதல் பக்கத்த வரைய ஆரம்பிச்சர்றீங்க. அப்படிப் பண்ணாதீங்க. மொதல்ல ரஃப் நோட்டுல தீப்பெட்டி அளவுக்கு ஒவ்வொரு பக்கத்தையும் குட்டியா போட்டுப் பாக்கணும், தம்ப்நெயில்னு சொல்லுவாங்க, ஆளுக்கு ஒரு வட்டமும் குச்சியும் போதும். நாலு பக்கத்தையும் அப்படிப் போட்டு வீட்டுல யாருகிட்டயாவது நீட்டுங்க, நீங்க ஒரு வார்த்தை விளக்கம் சொல்லக்கூடாது, அவங்க எங்க முழிக்கறாங்களோ அங்க ஒரு கட்டம் கொறையுது இல்லாட்டி வரிசை சரியில்ல. குட்டிப் படத்துல திருத்தறது அஞ்சு நிமிச வேலை, மை போட்ட பக்கத்துல திருத்தறது ரெண்டு நாள் வேலை, அங்கதான் எல்லாரும் சலிச்சுப் போயி நிறுத்தறாங்க. அப்பறம் உங்க பொடியன நேரா, பக்கவாட்டுல, பின்னால இருந்து, மேல இருந்து, அழுதுட்டு, ஓடிட்டுன்னு ஒரே தாள்ல வரைஞ்சு செவுத்துல ஒட்டிக்குங்க, அவன் சட்டைக்கு எத்தன பட்டன், முடி எந்தப் பக்கம் சீவியிருக்கு எல்லாம் அதுல இருக்கணும். இல்லாட்டி நாலாம் பக்கத்துல வேற பையன் வந்து நிப்பான்.

இதெல்லாம் ஆனப்பறம் பென்சில், வசனத்துக்கு எடம், மை, அழிக்கறது, இந்த வரிசை. முகத்த மட்டும் ஒவ்வொரு கட்டத்துலயும் போர்ட்ரெய்ட் மாதிரி ஷேடு குடுத்து முடிக்கோணும்னு நெனைக்காதீங்க அம்மிணி, கதைக்கு முக்கியமான ஒண்ணு ரெண்டு கட்டத்துல அந்த உழைப்பப் போட்டாப் போதும்.

பேனா டேப்லெட் வாங்காம கத்துக்க முடியாதுங்களா? வெலை நொம்ப எச்சா இருக்குது.
சத்தியமங்கலம்

முடியும் தம்பி. ஏ4 தாள், ஹெச்பி பென்சில், நல்ல கருப்பு ஜெல் பேனா இல்லாட்டி மார்க்கர், ஸ்கேல், ரப்பர். வரைஞ்சத ஸ்கேன் பண்ணிக்கலாம். கம்ப்யூட்டர்ல பண்ணணும்னா கிரிட்டான்னு ஒரு சாஃப்ட்வேர் முழுக்க இலவசம், அதுல காமிக்ஸ் பக்கங்கள ஒண்ணா வச்சுப் பாத்துக்க வசதி இருக்குது. போன் மட்டுந்தான் இருக்குன்னா ஐபிஸ் பெயின்ட் போதும். டேப்லெட்ட ஒரு கதை முடிச்சப்பறம் வாங்குங்க, அப்பத்தான் உங்களுக்கு என்ன சைஸ் வேணும்னே தெரியும்.

நான் பனியன் பிரிண்டிங் யூனிட்ல டிசைன் செக்சன்ல வேலை பாக்கறேன். போட்டோஷாப், கோரல் ட்ரா எல்லாம் அத்துப்படி. வரையவும் வரும், கதைதான் எழுத வராது. ஃபிரண்டு ஒருத்தர் எழுதுவார். ரெண்டு பேரும் சேந்து பண்ணா சரி வருமா, எப்படிப் பிரிச்சுக்கறது?
திருப்பூர்

சரி வருமுங்க, நல்லாவே சரி வரும். உலகத்துல பாதி காமிக்ஸ் அப்படி வந்ததுதான். ஆஸ்ட்ரிக்ஸ்ங்கற பிரெஞ்சுக் காமிக்ஸ் 1959ல கோசினி எழுத உடெர்சோ வரைய ஆரம்பிச்சது, 1977ல கோசினி இறந்தப்பறம் உடெர்சோ தானே கதையும் எழுதி வரைஞ்சார். கூட்டாவும் முடியும் தனியாவும் முடியும்ங்கறதுக்கு அந்த ஒரு ஆளே சாட்சி. நம்ம ஆளுங்க உசுர விடற கௌபாய் கதை டெக்ஸ் வில்லர எடுத்துக்குங்க, 1948ல இத்தாலியில பொனெல்லி எழுத கல்லெப்பினி வரைஞ்சு தொடங்குனது, இப்ப ஒரே நேரத்துல பல எழுத்தாளர், பல ஓவியர் வேற வேற கதையில வேலை பாக்கறாங்க, அப்படியிருந்தாத்தான் மாசாமாசம் நூறு பக்கத்துக்கு மேல கொண்டார முடியும்.

ரெண்டு பேரு வேலை செய்யறதுல ரெண்டு வழி உண்டுங்க. ஒண்ணு, எழுதறவரு ஒவ்வொரு பக்கம், ஒவ்வொரு கட்டம், அதுல யாரு, என்ன செய்யறாங்க, என்ன பேசறாங்கன்னு முழுசா எழுதிக் குடுத்தர்றது. இன்னொண்ணு, சுருக்கமா கதைய மட்டும் சொல்லி, ஓவியர் கட்டம் பிரிச்சு வரைஞ்சு, அதுக்கப்பறம் வசனம் எழுதறது. 1960கள்ல அமெரிக்காவுல மார்வெல் கம்பெனியில எழுதற ஸ்டான் லீ, வரையற ஜாக் கர்பி, ஸ்டீவ் டிட்கோ எல்லாம் ரெண்டாவது மாதிரித்தான் வேலை பாத்தாங்க. படம் துள்ளலா வரும், ஆனா கதைய யாரு உருவாக்குனாங்கங்கற சண்டையும் அதுலதான் வரும். கர்பியோட வாரிசுங்க கோர்ட்டு வரைக்கும் போயி 2014லதான் சமரசமாச்சு. மொதல் தடவை சேர்றவங்க முழு ஸ்கிரிப்டாவே எழுதிக்குங்கங்கறதுதான் என்னோட அபிப்பிராயம்.

உங்க ஃபிரண்டுகிட்ட இத மட்டும் சொல்லுங்க, வரைய முடியாதத எழுத வேண்டாம். "பழசெல்லாம் நெனச்சு மனசு ஒடஞ்சு நடந்து போறான்"னு எழுதுனா நீங்க என்னத்த வரைவீங்க? "பல்லடம் ரோடு, ராத்திரி. தோள்ல பை. தலை குனிஞ்சிருக்குது. பின்னால டீக்கடை லைட் ஒண்ணுதான் எரியுது"ன்னு எழுதுனா வரையலாம். அதே மாதிரி "எந்திரிச்சுக் கதவத் தொறந்து வெளிய ஓடறான்"ங்கறது மூணு கட்டம், ஒரு கட்டத்துக்குள்ள ஒரு செயல்தான் நிக்கும். அவரு ஒரு தடவை தன் ஸ்கிரிப்ட்டுக்குத் தானே குச்சி ஆளு வச்சு தம்ப்நெயில் போட்டுப் பாக்கட்டும், ஒரே கட்டத்துல ஏழு பேரையும் எட்டு வரி வசனத்தையும் எழுதி வச்சிருந்தா அவருக்கே தெரிஞ்சுரும். நீங்களும் ஒரு ரெண்டு பக்கமாவது எழுதிப் பாருங்க, நல்லா வரணும்னு அவசியமில்ல, எழுதறவரோட பாடு புரிஞ்சாத்தான் அவர்கிட்ட பேச முடியும்.

உங்க வேலையில இருக்கற ஒரு விசயம் காமிக்ஸுக்கு அப்படியே பொருந்தும், அத எத்தன பேரு கவனிச்சிருக்காங்கன்னு தெரியல. பனியன் பிரிண்ட்டுக்கு கலர் கலரா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்கிரீன் போடறீங்க, கருப்பு அவுட்லைன கடைசியில மேல அடிக்கறீங்க, கலர கருப்புக் கோட்டுக்கு அடியில கொஞ்சம் தள்ளி விடறீங்க, இல்லாட்டி துணி நகந்தா வெள்ளை தெரியும். காமிக்ஸ் கலரிங்லயும் இதேதான், மை போட்ட கோடு தனி லேயர், அடியில ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே தட்டையான கலர், கோட்டுக்கு அடியில கொஞ்சம் உள்ள போகணும், அதுக்கப்பறந்தான் நிழலும் வெளிச்சமும். அந்தத் தட்டைக் கலர் போடறத ஃப்ளாட்டிங்னு ஒரு தனி வேலையாவே செய்யறவங்க இருக்காங்க. நீங்க பாதி தூரம் ஏற்கனவே வந்துட்டீங்க.

எழுத்துல ஒரு ஒப்பந்தம் போட்டுக்குங்க, ஃபிரண்டாச்சேன்னு விட்றாதீங்க, ஃபிரண்டுங்கறதாலதான் போடணும்னு சொல்றேன். நம்ம 1957 காப்பிரைட் சட்டப்படி எழுதுனவருக்கு எழுத்து மேல உரிமை, வரைஞ்சவருக்குப் படத்து மேல உரிமை. அத இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கறதுன்னா எழுத்துல இருக்கணும், கையெழுத்து இருக்கணும். எத்தன வருசத்துக்குன்னு எழுதலேன்னா 5 வருசம்னுதான் எடுத்துக்குவாங்க, எந்த ஊரு நாடுன்னு எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு அர்த்தம். வருமானத்துல ஆளுக்கு எத்தன, ஒருத்தர் பாதியில விட்டுட்டுப் போனா பாத்திரங்க யாருது, சினிமாக்காரங்க கேட்டா யாரு பேசறது, இது மூணையும் ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா அப்பறம் நிம்மதியா கதையப் பேசலாம். இன்னொண்ணு, கம்பெனி நேரத்துல கம்பெனிக்கு வரைஞ்ச டிசைன் பொதுவா கம்பெனிக்குத்தான் சொந்தம், அத எடுத்துக் காமிக்ஸ்ல வச்சுறாதீங்க.

1972ல முத்து காமிக்ஸ் வந்ததுல இருந்து படிக்கறேன். இப்ப ரிட்டயர்டு ஆயிட்டேன். வரையச் சுத்தமா வராது. இனிமேல் கத்துக்கலாமா?
பொள்ளாச்சி

கத்துக்கலாமுங்க ஐயா, அதுவும் உங்ககிட்ட இருக்கற படிப்பு இளசுங்ககிட்ட இல்ல. முதல் இதழ் இரும்புக்கை மாயாவிதானே, அத எடுத்துப் பக்கத்துல வச்சுக்குங்க. ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைஞ்சது, தம்பிமாரோட சேந்து வேலை பாத்தவர். மாயாவிக்கு மின்சாரம் பாஞ்சா ஒடம்பு மறைஞ்சு அந்த இரும்புக்கை மட்டும் தெரியும், அப்ப அந்தக் கை இருக்கற எடத்த வச்சே ஆளு எங்க நிக்கறான், குனிஞ்சிருக்கானா, எட்டிப் பிடிக்கறானா எல்லாம் நமக்குத் தெரியுது பாருங்க. ஒரு பக்கத்த எடுத்து குச்சி ஆளு வச்சு தம்ப்நெயிலா பின்னோக்கிப் போட்டுப் பாருங்க, எந்தக் கட்டம் ஏன் பெருசு, வசனம் இல்லாத கட்டம் எங்க வருதுன்னு குறிச்சுக்குங்க. இப்படிக் கொஞ்சம் பக்கம் பாத்துட்டா ஸ்கிரிப்ட் எழுத வந்துரும், வரையறதுக்கு ஒரு நல்ல பையனோ புள்ளையோ கெடைப்பாங்க. மேல திருப்பூர்க்காரருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

தமிழ் எழுத்து வசனம் எழுதற பலூனுக்குள்ள அடைய மாட்டேங்குது. போட்டோஷாப்ல கொம்பு தனியா, எழுத்து தனியா ஒடையுது. என்ன பண்றது?
கோயமுத்தூர்

ஒடையறதுக்கு மருந்து சுலபம். யூனிகோடுல டைப் பண்ணுங்க, பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சா நாளைக்கு எழுத்துரு மாத்தறப்ப எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டும். பழைய போட்டோஷாப்பா இருந்தா டைப் செட்டிங்ஸ்ல தெற்காசிய மொழிகளுக்கான வசதிய ஆன் பண்ணணும். அப்படியும் சரி வரலேன்னா இங்க்ஸ்கேப்ல எழுத்தப் போடுங்க, இலவசம், தமிழ ஒடைக்காது. எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸ்ல கவிவாணர், பலூ தம்பி, காயினி, மீரா இனிமை எல்லாம் இலவசமா இருக்குது, கவிவாணர் கையெழுத்து மாதிரி சாஞ்சு இருக்கும், பேச்சுக்கு நல்லா இருக்கும்னு எனக்குப் படுது, பலூ தம்பி தடிமனா இருக்கும், கத்தறதுக்கு ஆகும்.

அடையாததுக்கு மருந்து வேற. இங்கிலீஷ் காமிக்ஸ்ல எல்லாமே பெரிய எழுத்தா ஒரே ஒசரத்துல நிக்கும், நமக்கு கீ மேல சுழியும், மு கூ கீழ வாலும் இருக்கறதால வரிக்கும் வரிக்கும் நடுவுல எடம் எச்சா விடணும். இங்கிலீஷ் புத்தகத்தப் பாத்து பலூன் சைஸ் முடிவு பண்ணீங்கன்னா மாட்டிக்குவீங்க. அதனால பென்சில் போடறப்பவே வசனத்த எழுதி எடத்த ஒதுக்கிருங்க, படத்த முடிச்சுட்டு மிஞ்சுன எடத்துல பலூன் வைக்கறதுதான் நெறைய பேரு பண்றது, அதுல ஆளோட தலைதான் வெட்டுப்படும். மொதல்ல பேசறவர் பலூன் இடது மேல, பதில் வலது கீழ, வால் வாய்ப் பக்கம் பாத்து இருக்கணும், ஒரு வாலு இன்னொரு வாலு மேல ஏறக்கூடாது. மொதல்ல பேசறவர கட்டத்துல இடது பக்கமே நிக்க வச்சுட்டா பாதிப் பிரச்சனை போயிரும்.

பேசற தமிழ்ல எழுதுங்க. "போய்க்கொண்டிருக்கிறான்"ங்கறது ரெண்டு வரி புடிக்கும், "போயிட்டிருக்கான்"னா ஒரே வரி. பாத்திரம் நம்ம ஊரா இருந்தா நம்ம பழமையிலயே பேசட்டும். ஒரு பலூனுக்குப் பத்துப் பன்னெண்டு வார்த்தைக்கு மேல போனா ரெண்டா ஒடைச்சிருங்க. சத்தத்த மட்டும் எழுத்துருவுல போடாதீங்க, கையால வரைங்க. சோமனூர் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடற தெருவுல ஒரு கதை நடக்குதுன்னா அந்த டக்கடக்க டக்கடக்க கட்டத்துக்குப் பின்னால கோடு கோடா ஓடிட்டே இருக்கணும், தறி நின்ன கட்டத்துல அந்த எழுத்து இல்லாமப் போகணும், அப்ப படிக்கறவங்க காதுலயும் தறி நிக்கும்.

எட்டாம் வகுப்புப் பசங்க காமிக்ஸ் பண்ணணும்னு ஆசைப்படறாங்க. கூட்டமா எப்படிப் பண்ண வைக்கறது?
ஆசிரியை, நாமக்கல்

டீச்சர், மொதல்ல ஆளுக்கு ஒண்ணு தனியா முடிக்கட்டும். ஒரு ஏ4 தாள மூணு தடவை மடிச்சா எட்டுப் பகுதி வரும், விரிச்சு, அகலவாக்குல பாதியா மடிச்சு, மடிப்புப் பக்கத்துல இருந்து நடுவரைக்கும் வெட்டி, திரும்ப விரிச்சு நீளவாக்குல மடிச்சுத் தள்ளுனா எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம், முன்னட்டை பின்னட்டை போக உள்ள 6 பக்கம். ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்தாப் போதும், வகுப்புல எல்லாரும் மாத்திக்கலாம். வெட்டி மடிக்கறப்ப சில பக்கம் தலைகீழா நிக்கும், அதனால வெறும் தாள்ல ஒண்ணு மடிச்சுப் பக்க எண் போட்டு விரிச்சுப் பாத்துட்டு வரையச் சொல்லுங்க.

அதுக்கப்பறம் குழு. ஆளுக்கு ஒரு பக்கம்னு பிரிச்சா பக்கத்துக்குப் பக்கம் கதாநாயகன் முகம் மாறிரும், பசங்களும் அடுத்தவன் பக்கத்தப் பாத்துச் சோந்து போவாங்க. வேலைய வச்சுப் பிரிங்க. ரெண்டு பேரு கதை, எல்லாரும் சேந்து தம்ப்நெயில், ஒருத்தர் பென்சில், ஒருத்தர் மை, கையெழுத்து அழகா இருக்கற புள்ளைக்கு வசனம், அப்பறம் ஒருத்தர் எடிட்டர். எடிட்டர் வேலைன்னா சட்டை கலரு மாறாம இருக்கான்னு பாக்கறதுல இருந்து யாரு எப்ப குடுக்கணும்ங்கறது வரைக்கும். அடுத்த கதைக்கு எல்லாரோட வேலையையும் மாத்திருங்க. வரைய வராதுன்னு ஒதுங்கற பையனுக்கு எடிட்டர் வேலை குடுத்துப் பாருங்க, அவன் கண்ணுல படற குறை யாரு கண்ணுலயும் படாது.

நானும் என் சித்தப்பா பையனும் சேந்து அண்ணன்மார் சாமி கதைய, அதான் பொன்னர் சங்கர் கதைய, 600 பக்கத்துல காமிக்ஸா பண்ணலாம்னு இருக்கறோம். காப்பிரைட் வருங்களா? எங்க இருந்து தொடங்கறது?
காங்கயம்

கேக்கறப்பவே மனசு நெறையுதுங்க தம்பி. நம்ம கதைய நம்ம புள்ளைங்க வரையணும். உடுக்கையடிச்சு ராத்திரி ராத்திரியா பாடி வந்த அந்தக் கதை யாரு ஒருத்தருக்கும் சொந்தமில்ல, அதனால கதைக்கு உரிமை வாங்க வேண்டியதில்ல. ஆனா ஒருத்தர் எழுதுன நாவலு, ஒருத்தர் பதிப்பிச்ச வடிவம், ஒருத்தரோட பாட்டுப் பதிவு, அதுக்கெல்லாம் தனி உரிமை உண்டு, எழுதுனவர் இறந்து 60 வருசம் வரைக்கும் இருக்கும். அதுல இருந்து வசனத்தையோ காட்சியையோ அப்படியே எடுக்காதீங்க. உங்க பக்கத்துலயே 1965ல கனடாவச் சேந்த மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் இந்தக் கதைய முழுசா டேப்புல பதிவு பண்ணுனாங்க, பின்னால அது 26 பாகம் அனிமேஷனா வந்துச்சு, படக்கதையாவும் வந்துச்சு. அவங்க எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு பாருங்க, பாத்துட்டு உங்க வழியில போங்க.

600 பக்கத்த இப்பத் தொடாதீங்க. பக்கத்துக்கு மூணு நாளுன்னு வச்சாலே 1800 நாளு, வேலைக்கும் போயிட்டுப் பண்றதுன்னா எத்தனையோ வருசம், அதுக்குள்ள உங்க ரெண்டு பேரு கோடும் மாறிரும், முதல் பக்கத்த நீங்களே மறுக்கா வரையணும்னு சொல்லுவீங்க. கொம்பன் பன்றி வேட்டைய மட்டும் எடுங்க, 16 பக்கம். ஒரு காடு, ஒரு பன்றி, சங்கர், நடுவுல ஒரு கட்டத்துல ஊட்டுல காத்திருக்கற தங்கச்சி தங்காள். வசனம் கொறைச்சலா, படம் ஓங்கி நிக்கற எடம் அது. அந்தப் பன்றி எத்தன பெருசுன்னு முதல்லயே காட்டிராதீங்க, ஒடஞ்ச மரம், மிதிபட்ட கரும்புக் காடு, கிணத்து மேட்டுல பதிஞ்ச குளம்புன்னு காட்டிட்டே வந்து பக்கம் திருப்புனப்பறம் முழுசாக் காட்டுங்க.

கோயில் கோயிலாப் போங்க. அண்ணன்மார் சிலைங்க, மண் குதிரைங்க, பக்கத்துல நிக்கற காவல் சாமிங்க, ஒவ்வொரு ஊருலயும் மீசையும் உடுப்பும் வேற மாதிரி இருக்கும். பூசாரிகிட்டக் கேட்டுட்டு உக்காந்து வரைங்க, போட்டோ எடுத்துட்டு ஓடி வர வேண்டாம். கதை தெரிஞ்ச பெரியவங்களக் கேட்டா ஊருக்கு ஊரு மாத்திச் சொல்லுவாங்க, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டு நீங்க எதச் சொல்லப் போறீங்கன்னு ரெண்டு பேரும் மொதல்லயே பேசி முடிவு பண்ணிருங்க. கும்பிடற சாமிங்கறத மட்டும் எந்தக் கட்டத்துலயும் மறந்தறாதீங்க.

ஈரோடு புத்தகத் திருவிழாவுல எங்க காமிக்ஸ வைக்க ஆசை. அச்சடிக்கறதுக்கு என்னென்ன பாக்கணும்?
பெருந்துறை

ஆகஸ்ட்டுல நடக்கும், அதுக்கு நீங்க ஜூன் கடைசிக்குள்ள பக்கத்த முடிச்சாகணும். நடுவுல பின் அடிக்கற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால வகுபடணும், 16, 20, 24, 32 இப்படி. 30 பக்கம் வரைஞ்சுட்டு வந்தா ரெண்டு பக்கம் வெறுமையாப் போகும். ஓரம் வரைக்கும் படம் போற பக்கத்துல வெட்டறதுக்கு 3 மிமீ எச்சாவே வரைஞ்சு விடணும், முக்கியமான முகமும் பலூனும் ஓரத்துல இருந்து உள்ள தள்ளி இருக்கணும். கருப்பு வெள்ளைக் கோட்டுப் படத்த 600 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு எத்தன புள்ளிங்கற கணக்கு) ஸ்கேன் பண்ணுங்க, கலர்னா 300 போதும். கலர் ஃபைல அச்சடிக்கற நாலு மையோட கணக்கான சிஎம்ஒய்கேக்கு மாத்திப் பாத்துருங்க, ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரியற பச்சையும் நீலமும் அச்சுல மங்கிரும். வசன எழுத்து வெறும் கருப்பு மை ஒண்ணுலயே இருக்கணும், நாலு மையிலயும் கலந்திருந்தா அச்சு லேசா நகந்தாலும் எழுத்து கலங்கும்.

நூறு இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் பிரிண்ட் பாருங்க, ஆயிரத்துக்கு மேலன்னா ஆஃப்செட்ல ஒரு புத்தகத்துக்கு ஆகற செலவு இறங்கும், கோயமுத்தூர்லயும் சிவகாசியிலயும் ரெண்டு மூணு எடத்துல வெலை கேளுங்க. ஸ்டால் தனியா எடுக்கறத விட ஏற்கனவே கடை போடற பதிப்பகத்துகிட்ட ஒரு ஓரத்துல வச்சுக் குடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, விக்கறதுல ஒரு பங்கு குடுத்தாப் போதும். அச்சுக்குக் குடுக்கறதுக்கு முந்தி ஒரே ஒரு பிரதி ஜெராக்ஸ்ல எடுத்து, மடிச்சுப் பின் அடிச்சு, இந்தக் கதை தெரியாத ஒருத்தர சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. துணைக்கால் விட்டுப் போனது, பலூன் மாறிப் போனது, 14ம் பக்கமும் 15ம் பக்கமும் எடம் மாறி நிக்கறது எல்லாம் அப்பத்தான் வெளிய வரும். அதத் திருத்துனப்பறம் பிரஸ்ல புரூஃப் கேட்டு வாங்கிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.